கீழூரில் கேட்கப்பட்ட கேள்வி

காவிரி கடலோடு கலக்கும் கரையில் தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்னும் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பேருந்தில் ஒருவர் காலையில் புறப்பட்டால் மூன்றையும் பார்த்துவிட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். இந்தச் சிறு கரையை ஒப்பந்தங்களின் கரை என்று அழைத்தால் மிகையாகாது. 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி அவர்கள் கைக்குச் சென்றது. 1845 இல் டேனியர் அதனை ஆங்கிலக் கும்பினிக்கு விற்றனர். நாகப்பட்டினம் 1658 இல் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தருக்கும், 1781 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் மாறியது. காரைக்காலைத் தஞ்சை மராத்திய மன்னர் சாஹுஜியிடம் 1738 இல் விலை பேசிய பிரெஞ்சுக்காரர், 1739 இல் அதனைத் தம் வசப்படுத்தினர். இறுதியில் 1799 இல் இரண்டாம் சரபோஜி மன்னர் இட்ட கையெழுத்தினால் தஞ்சை நாட்டின் ஆட்சியே கும்பினியைச் சேர்ந்தது.

இத்தனை கைமாற்றங்களிலும் நிலத்தில் நாற்று நட்டவரையோ கடலில் வலை வீசியவரையோ எவரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்றால் இல்லை. மன்னர் விற்றார், கும்பினி வாங்கியது, குடிகள் மறுநாள் காலையில் வேறொரு கொடியைப் பார்த்தனர். அக்கால வழக்கம் அதுதான். ஐரோப்பாவிலும் அப்போது நிலைமை வேறாக இருக்கவில்லை.

ஆனால் இதே கரையில் ஒரே ஒரு முறை, ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டைச் சேர்வது என்பதற்கு அங்கு வாழும் மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே விதித்தது. அந்த விதி எவ்வாறு நிறைவேற்றப்பட்டது, எவ்வளவு நிறைவேற்றப்பட்டது, அதனால் இன்றுவரை என்ன விளைந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி பழையது, எனினும் அதன் விடை இன்னும் நம்மைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

குடவோலை அன்று

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பொதுவாக்கெடுப்பு என்று வகுப்பில் பேச்செடுத்த உடனேயே மாணவர்கள், "அது சோழர் காலத்திலேயே நம்மிடம் இருந்ததே ஐயா, குடவோலை முறை" என்பார்கள். அந்தப் பெருமிதத்தை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறுவது வேறு. அங்கே தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியப் பெருமக்களைத் தேர்ந்தனர். கால் வேலி நிலமும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் என்ற வரம்பும், வேதக் கல்வியும் அதற்குத் தகுதிகள். அது ஆட்களைத் தேர்ந்த முறை. அதுவும் குலுக்கல் முறை. ஒரு பொருளைப் பற்றி ஊரார் அனைவரையும் 'வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டது அன்று.

பொதுவாக்கெடுப்பின் உயிரே அந்த இரு சொற்களில்தான் இருக்கிறது. தேர்தலில் நாம் ஓர் ஆளை அனுப்புகிறோம். அவர் நமக்காக ஐந்தாண்டுகள் ஆயிரம் முடிவுகளை எடுக்கிறார். பொதுவாக்கெடுப்பில் ஒரே ஒரு முடிவை நாமே எடுக்கிறோம். இலங்கைத் தமிழ் ஏடுகள் இதனைச் 'சர்வசன வாக்கெடுப்பு' என்றும் 'மக்கள் தீர்ப்பு' என்றும் எழுதும். இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது; கூடவே சற்று அச்சமும் தருவது. தீர்ப்பு என்றால் மேல்முறையீடு இல்லையே!

ஒரு விதியும் ஒரு வாக்குறுதியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சு நாடு 1946 இல் தனக்குப் புதிய அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்துக்கொண்டது. அச்சட்டமே ஒரு பொதுவாக்கெடுப்பினால் ஏற்கப்பட்டதாகும். முதலில் எழுதிய வரைவை 1946 மே மாதத்தில் மக்கள் தள்ளிவிட்டனர். திருத்திய வரைவை அக்டோபரில் ஏற்றனர். அதன் 27 ஆம் விதியில், சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பரப்பையும் விட்டுக்கொடுப்பதோ மாற்றிக்கொள்வதோ சேர்த்துக்கொள்வதோ செல்லாது என்ற பொருள்படும் ஒரு வரி இருந்தது. விதி 'ஒப்புதல்' என்றதே தவிர, அதனை எவ்வாறு பெறுவது என்று கூறவில்லை. பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லின் நெகிழ்வே இடமளித்தது.

1947 இல் இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. தஞ்சை மாவட்டத்து வயல்களுக்கு நடுவே காரைக்கால் ஒரு தனித் தீவு போலக் கிடந்தது. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி என்னும் ஆறு கொம்யூன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு நகராட்சி மன்றம். வரப்புக்கு இப்பால் இந்தியா, அப்பால் பிரான்சு. இரண்டு வரப்புகளுக்கும் நீர் பாய்ச்சியது ஒரே காவிரி.

1948 ஜூனில் இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. இப்பகுதி மக்கள் தம் எதிர்காலத்தைப் பொதுவாக்கெடுப்பின் மூலம் தாமே முடிவு செய்வார்கள். அதன் நாளையும் முறையையும் நகராட்சி மன்றங்கள் கலந்து பேசும் என்பது ஏற்பாடு. சந்திரநாகூர் முதலில் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19 ஆம் நாள் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் சேர 7,473 வாக்குகள். பிரான்சுடன் இருக்க 114 வாக்குகள். 1951 இல் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1952 இல் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. பாடப்புத்தகத்தில் எழுதுவதற்கேற்ற ஒழுங்கு.

நடக்காத வாக்கெடுப்பு

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அந்த ஒழுங்கு அமையவில்லை. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேர் வழிநடத்திய பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அக்கட்சி அப்போது பிரெஞ்சு ஒன்றியத்திற்குள் இருப்பதையே விரும்பியது. தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை, அடிதடியும் அச்சுறுத்தலும் முறைகேடும் மலிந்திருந்தன என்று இணைப்பை ஆதரித்தவர்கள் குற்றம் சாட்டினர். அந்தத் தேர்தலில் வென்றவர்களே வாக்கெடுப்பின் முறையை வகுப்பார்கள் என்றால் அந்த வாக்கெடுப்பு எப்படி நடுநிலையாக இருக்கும் என்பது அவர்கள் கேள்வி. இந்திய அரசின் கேள்வியும் அதுவே.

1951 இல் நிலைமையை நேரில் ஆராய வெளிநாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள் வந்தனர். வாக்காளர் பட்டியலை நம்ப முடியவில்லை, மக்கள் அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் நிலவவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன் பின்னர் 1952 இல் இந்தியா, இனி வாக்கெடுப்புப் பேச்சு வேண்டாம், நேரடியாக ஒப்படைத்துவிடுங்கள் என்ற நிலையை எடுத்தது. பிரான்சோ, எங்கள் அரசியலமைப்பு மக்களின் ஒப்புதலைக் கேட்கிறது, அதை மீற முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு பேரரசு, தான் விட்டுச் செல்ல விரும்பாத மண்ணில் இருந்துகொண்டு, மக்கள் ஒப்புதலைப் பற்றிப் பேசியது. விடுதலை பெற்ற ஒரு குடியரசு, மக்கள் தன் பக்கமே என்று உறுதியாக நம்பிக்கொண்டு, அவர்களை வாக்குச் சாவடிக்கு அழைக்கத் தயங்கியது. இருவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. இருவர் தரப்பிலும் தந்திரமும் இருந்தது. பட்டியலைத் தயாரிப்பவர் யார், சாவடிக்குக் காவல் நிற்பவர் யார், கேள்வியை எழுதுபவர் யார் என்ற மூன்றும் தெளிவாகாதவரை வாக்குப்பெட்டி வெறும் மரப்பெட்டிதான் என்பதைப் பார்வையாளர்கள் உறுதிப்படுத்திவிட்டனர்.

1954 இல் காற்று திசை மாறியது. மார்ச்சு மாதத்தில் குபேரும் அவர் தோழர்களும் இணைப்பின் பக்கம் திரும்பினர். புதுச்சேரிப் பகுதி மேயர்கள், பொதுவாக்கெடுப்பு இல்லாமலேயே இந்தியாவுடன் சேர வேண்டும் என்று தீர்மானம் செய்தனர். நெட்டப்பாக்கத்தில் மூவண்ணக் கொடி ஏறியது. மே மாதத்தில் வியத்நாமில் தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹியும் பிரெஞ்சு நிருவாகத்தின் கையை விட்டுப் போயின. பிரான்சில் புதிதாகப் பதவியேற்ற பிரதமர் மாந்தேஸ் பிரான்சு, இந்தோசீனப் போரை முடித்த கையோடு இந்தச் சிக்கலையும் தீர்க்க விரும்பினார். ஆனால் 27 ஆம் விதி குறுக்கே நின்றது. ஒப்புதல் இல்லாமல் கொடுக்க முடியாது. வாக்கெடுப்பை நடத்தவும் முடியாது. என்ன செய்வது?

178 பேர்

அவர்கள் கண்ட வழி கீழூர். புதுச்சேரிக்கு மேற்கே எல்லையோரத்தில் உள்ள ஒரு சிற்றூர் அது. 1954 அக்டோபர் 18 ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள்; எதிராக 8. மூன்றாம் நாள் புதுதில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1 ஆம் நாள் ஆட்சி நடைமுறையில் இந்தியாவுக்கு மாறியது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பறந்த பிரெஞ்சுக் கொடி காரைக்காலிலும் இறங்கியது.

கீழூரை நாம் பொதுவாக்கெடுப்பு என்றே எழுதி வருகிறோம். கண்டிப்பாகச் சொன்னால் அது பொதுவாக்கெடுப்பு அன்று. ஏறத்தாழ மூன்று லட்சம் மக்களுக்காக 178 பேர் அளித்த வாக்கு அது. திருநள்ளாற்று உழவரும் கோட்டுச்சேரி நெசவாளரும் காரைக்கால் மேட்டு மீனவரும் அன்று தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கையில் வாக்குச் சீட்டு எதுவும் வரவில்லை. மற்றொரு முரணும் உண்டு. முறைகேடான தேர்தலில் வந்தவர்கள் என்று யாரை இணைப்பு ஆதரவாளர்கள் பழித்தார்களோ, அந்த அணியினர் பலருடைய வாக்குதான் கீழூரில் மக்களின் வாக்காகக் கொள்ளப்பட்டது. பிரான்சை ஆதரித்தபோது செல்லாதவர்கள், இந்தியாவை ஆதரித்தபோது செல்லுபடியானார்கள்.

இதனால் இணைப்பு தவறு என்று ஆகாது. முழுப் பொதுவாக்கெடுப்பு நடந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்பதை ஐயுறக் காரணமில்லை. மொழியும் உறவும் நீரும் வயலும் ஒன்றாயிருந்த மக்கள் அவர்கள். காரைக்காலில் பெண் கொடுத்து நன்னிலத்தில் பெண் எடுத்த குடும்பங்களுக்கு எல்லைச் சாவடி என்பது ஒரு தொல்லையே தவிர வேறில்லை. இரத்தம் பெரிதாகச் சிந்தாமல் ஒரு காலனி ஆட்சி மறைந்தது என்பது சிறிய சாதனையும் அன்று. அதே நேரத்தில் அல்ஜீரியாவில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். எனினும் முடிவு சரியாக இருந்தது என்பதும் மக்கள் கேட்கப்பட்டார்கள் என்பதும் இரு வேறு செய்திகள். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது வரலாறு எழுதுபவருக்கு அழகன்று.

உடன்படிக்கையின் இரண்டாம் விதி

1956 மே 28 ஆம் நாள் பிரதமர் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்திரோரோகும் ஒப்படைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நிலப்பரப்பை விட்டுக்கொடுக்க எந்த அரசும் துணியவில்லை.

1962 இல் முடிச்சு அவிழ்ந்த விதமும் நம் பொருளோடு தொடர்புடையது. அல்ஜீரிய விடுதலைக்கு வழிவகுத்த எவியான் உடன்பாட்டை அதிபர் தெ கோல் 1962 ஏப்ரல் 8 ஆம் நாள் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தனர். ஆனால் அன்று வாக்களித்தவர்கள் பிரான்சு நாட்டில் இருந்தவர்கள் மட்டுமே. அல்ஜீரிய மண்ணில் வாழ்ந்தோரிடம் ஜூலை 1 ஆம் நாள்தான் கேட்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் பொதுவாக்கெடுப்பாலேயே நிறைவேறியது. ஓர் உடன்பாடு, ஒரு விடுதலை, ஒரு திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வாக்குப்பெட்டி முடிவு செய்தது. இவற்றுக்கு இடையில், ஆகஸ்டு 16 ஆம் நாள், இந்தியாவும் பிரான்சும் ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டன. அன்றுதான் காரைக்கால் சட்டப்படி இந்திய மண் ஆயிற்று.

அந்த 1956 உடன்படிக்கையின் இரண்டாம் விதியை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். இப்பகுதிகளுக்கு முன்பிருந்த தனி நிருவாகத் தகுதி தொடரும். அதில் பின்னாளில் அரசியலமைப்பு முறையிலான மாற்றம் எதையேனும் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. 27 ஆம் விதியின் ஆவி உடன்படிக்கைக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லலாம். இங்கும் 'அறிந்து' என்ற சொல் மட்டுமே; எவ்வாறு அறிவது என்று கூறப்படவில்லை. 1962 இல் நம் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் புதுச்சேரியை யூனியன் பிரதேசம் ஆக்கியபோது தனியே வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை.

ஆனால் அந்தச் சொல் உறங்கிவிடவில்லை. 1979 சனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறு யூனியன் பிரதேசங்களை அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியபோது, புதுச்சேரியும் காரைக்காலும் கொதித்தெழுந்தன. கடையடைப்பு, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு எல்லாம் நிகழ்ந்தன. எங்களைக் கேட்காமல் எப்படி என்பதே அப்போராட்டத்தின் ஒற்றைக் கேள்வி. இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. கீழூரில் நேரடியாகக் கேட்கப்படாத மக்கள், கால் நூற்றாண்டு கழித்துத் தாமே தெருவில் இறங்கி விடை சொன்னார்கள் என்றுதான் இதனை நான் படிக்கிறேன்.

இதே கேள்வியைக் கோவா வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. மகாராட்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாக நீடிப்பதா என்று 1967 சனவரி 16 ஆம் நாள், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே கருத்து வாக்கெடுப்பு நடந்தது. தனித்திருக்க 1,72,191 பேர். சேர 1,38,170 பேர். தோற்றவர்கள் முடிவை ஏற்றனர். துப்பாக்கி வெடிக்கவில்லை. கேட்டறிவதற்கும் கேளாமல் விடுவதற்கும் உள்ள விலை வேறுபாட்டை இந்த இரண்டு ஊர்களும் காட்டுகின்றன.

காரைக்காலின் தனித் தகுதி நம் டெல்டாவின் நீர்க் கணக்கிலும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 இல் அளித்த இறுதித் தீர்ப்பிலும், உச்ச நீதிமன்றம் 2018 இல் அளித்த தீர்ப்பிலும் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீர் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. காரைக்கால் வயல்களுக்கான நீர் அது. 1950களின் ஓர் உடன்படிக்கை இன்றைய ஒரு வாய்க்கால் மதகு வரை நீண்டு வருகிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய அரசியலமைப்பில் பொதுவாக்கெடுப்பு என்ற ஏற்பாடே இல்லை. 368 ஆம் விதிப்படி நாடாளுமன்றம் தனிப் பெரும்பான்மையால் சட்டத்தைத் திருத்தலாம். சில விதிகளுக்கு மட்டும் மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலும் வேண்டும். மாநில எல்லையை மாற்ற அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். ஏற்க வேண்டும் என்பதில்லை. பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்வது மைய அரசின் அதிகாரம்.

நெருக்கடி நிலைக்குப் பின் ஒரு முயற்சி நடந்தது. 1978 இல் சனதா அரசு கொண்டுவந்த திருத்த மசோதாவில், அரசியலமைப்பின் சனநாயகத் தன்மையையோ மதச்சார்பின்மையையோ அடிப்படை உரிமைகளையோ நீதித்துறையின் சுதந்திரத்தையோ குலைக்கும் திருத்தங்களை மக்களிடம் வாக்குக்கு விட வேண்டும்; வாக்காளரில் குறைந்தது 51 விழுக்காட்டினர் பங்குகொள்ள வேண்டும் என்ற பிரிவு இருந்தது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை நீக்கிவிட்டது. மீதமிருந்தவையே நாற்பத்து நான்காம் திருத்தமாயின.

நிலப்பரப்பைப் பொறுத்தவரை ஒரு காப்பு இருக்கிறது. வங்காளத்துப் பெருபாரி பற்றி 1960 இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, இந்திய மண்ணை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் இன்றியமையாதது என்றது. ஆனால் 1974 இல் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றபோது அத்தகைய திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை. தகராறான எல்லையை வரையறுத்தோமே தவிர நம் மண்ணை விட்டுக்கொடுக்கவில்லை என்பது மைய அரசின் வாதம். இரு நாட்டு மீன்பிடி எல்லைகளை இறுக்கிய 1976 மார்ச்சு ஒப்பந்தம் வந்தபோதோ தமிழகத்தில் சட்டமன்றமே இல்லை; ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மக்களைக் கேட்காததோடு, கேட்கப்படுவதற்கு மக்களின் பிரதிநிதிகளும் இல்லாத காலம். நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் கடலுக்குச் சென்ற மீனவர் கைதாகும் செய்தி வரும்போதெல்லாம், 2024 நாடாளுமன்றத் தேர்தல் போன்ற தேர்தல் காலங்களிலும், அந்த ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் எழுந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்புதல் பெறாத உடன்பாடு மையின் ஈரம் காய்ந்த பின்னும் ஆறுவதில்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் நம் நாட்டிலேயே உண்டு. 2015 இல் நூறாவது திருத்தத்தின் மூலம் இந்தியாவும் வங்கதேசமும் தத்தம் எல்லைக்குள் சிக்கிய சிறு நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டன. அப்போது அங்கே வாழ்ந்த ஒவ்வொருவரிடமும் எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டனர். நிலத்தைப் பற்றி அல்லாவிட்டாலும் தம்மைப் பற்றியேனும் அவர்கள் கேட்கப்பட்டார்கள்.

யாரைக் கேட்பது?

அப்படியானால் எல்லாவற்றையும் மக்கள் வாக்குக்கு விட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம். 1982 டிசம்பர் 22 ஆம் நாள் இலங்கையில் அதிபர் ஜெயவர்த்தனே, நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறாண்டு நீட்டிக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். விளக்குச் சின்னம் 'ஆம்'; பானைச் சின்னம் 'இல்லை'. 54.66 விழுக்காடு பெற்று விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்கு வாக்களித்தனர். ஆனால் நாட்டுக் கணக்கில் அது கரைந்துபோனது. மக்களைக் கேட்பதற்கான கருவியைக் கொண்டே மக்களைக் கேட்கும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்தப்படும் என்றது. அது தள்ளிவைக்கப்பட்டுக்கொண்டே போய், கடைசிவரை நடக்கவேயில்லை. 2006 இல் நீதிமன்றம் அந்த இணைப்பைச் செல்லாதது என்றது. 1948 ஜூன் வாக்குறுதியின் நிழலை இதில் காணாமல் இருக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பொதுவாக்கெடுப்பில் 'ஆம்' எத்தனை, 'இல்லை' எத்தனை என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, யாரைக் கேட்பது என்பது. 27 ஆம் விதி மக்கள் என்று மட்டும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட மக்கள் என்றது. அந்த அடைமொழியில்தான் அதன் அறம் இருக்கிறது. எவியான் உடன்பாட்டிற்குப் பாரிசு நகரத்தாரை மட்டும் கேட்டிருந்தால் நீதியாகாது. கிழக்கின் எதிர்காலத்துக்குக் கொழும்பையும் சென்னையையும் கேட்பது நீதியாகாது. கச்சத்தீவுக் கடலுக்கு நாகை மீனவரைக் கேட்க வேண்டும் என்போமானால், நம் இழுவைப் படகுகளால் வலையிழந்த யாழ்ப்பாணத்து மீனவரும் சம்பந்தப்பட்டவரே என்பதை ஏற்கும் நேர்மையும் நமக்கு வேண்டும்.

எனவே எல்லாத் திருத்தங்களுக்கும் எல்லா உடன்படிக்கைகளுக்கும் பொதுவாக்கெடுப்பு என்பதை நான் கோரவில்லை. நூற்று நாற்பது கோடி மக்களின் பெரும்பான்மை ஒரு சிறு கரையின் வாழ்வை மூழ்கடித்துவிட முடியும். ஆனால் ஒரு நிலமோ கடலோ ஆறோ கைமாறும்போது, அதனால் வாழ்பவரைக் கேட்காமல் கைமாற்றலாகாது என்ற ஒரு வரி நம் அரசியலமைப்பில் இருந்திருக்க வேண்டும். கேட்கும் முறையும், பட்டியல் தயாரிக்கும் பொறுப்பும் அந்த வரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஒப்புதல்' என்றும் 'அறிந்து' என்றும் சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழூர் காட்டிவிட்டது. அந்நிய ஆட்சியாளர் ஒருவர் தம் சட்டத்தில் எழுதி, அரைகுறையாகவேனும் நிறைவேற்றிய ஒரு கடமை, நம் குடியரசின் சட்டத்தில் இல்லை.

கீழூரில் இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். வாய்ப்புள்ள நண்பர்கள் ஒரு முறை சென்று வாருங்கள். 170 என்ற எண்ணைப் போற்றுவோம். எதிர்த்து வாக்களிக்கும் துணிவு கொண்ட அந்த 8 பேரையும் மறவாதிருப்போம். அவர்கள் கருத்து எதுவாயினும், கேட்கப்பட்டது ஒரு கேள்விதான், வெறும் சடங்கன்று என்பதற்கு அவர்களே சான்று. அன்று கேட்கப்படாமல் விடப்பட்ட மூன்று லட்சம் பேருக்காக வருங்காலத்தில் என்ன செய்வது என்பதை நாமே சிந்திக்க வேண்டும்.